இளைய தியோடர் ரூஸ்வெல்ட்: ஓட்டுக் கேட்ட ஊரில் தோற்றவர், ஓட்டே இல்லாத ஊர்களை ஆண்டவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரூஸ்வெல்ட் என்றதும் சிலருக்குக் கரடி பொம்மைக்குப் பெயர் கொடுத்த ஜனாதிபதி ஞாபகம் வருவார். சிலருக்குச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி இரண்டாம் உலகப் போரை நடத்தியவர். இந்தப் பக்கம் மூன்றாவது ஒருவரைப் பற்றியது. மாநில எம்.எல்.ஏ.வாகத் தொடங்கி, ஆளுநர் தேர்தலில் தோற்று, கடைசியில் அமெரிக்காவின் இரண்டு காலனிகளுக்குத் தலைவராக அனுப்பப்பட்டவர் இவர். அவரைப் பற்றிப் படிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

யார் இவர், சுருக்கமாக?

1887 செப்டம்பர் 13 அன்று நியூயார்க்கின் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் பிறந்தார். அமெரிக்காவின் 26ஆம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகன். 1920, 1921 ஆண்டுகளில் நியூயார்க் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அப்புறம் கடற்படைத் துணைச் செயலாளர். 1929 முதல் 1932 வரை கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் ஆளுநர், 1932இலும் 33இலும் பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரல். 1944இல் பிரான்சின் நார்மண்டியில், ராணுவச் சீருடையில் இருந்தபோதே இறந்தார். நடுவில் மத்திய ஆசியாவிலும் சீனாவிலும் வேட்டைப் பயணம் வேறு.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். எப்படிப் பிரித்துச் சொல்வது?

வீட்டில் இவரை 'டெட்' என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். பெயரில் வேறு ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இவருடைய தாத்தாவும் தியோடர்தான். அதனால் முறைப்படி பார்த்தால் இவர் மூன்றாம் தியோடர். ஆனால் அப்பா உலகப் புகழ் பெற்றுவிட்டதால் இவருக்கு 'இளைய' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது, கடைசிவரை போகவே இல்லை.

அப்பாவின் பெயர் இவருக்கு உதவியதா, பாரமா?

இரண்டும்தான். வெள்ளை மாளிகைக்குக் குடிபோனபோது டெட்டுக்கு 14 வயது. அந்தக் காலப் புகைப்படம் ஒன்றில் பெரிய நீல மக்கா கிளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கிளியின் பெயர் எலி யேல். படத்தைப் பார்த்தால் சந்தோஷமான பிள்ளையாகத்தான் தெரியும். ஆனால் அதற்குச் சில வருடங்கள் முன்பே, அப்பா இவரை எல்லாவற்றிலும் முதலாவதாக வரச் சொல்லி விரட்டியதில் பையனுக்குத் தீராத தலைவலி வந்து, மருத்துவர் தலையிட்டு அப்பாவைத் தட்டிவைக்க வேண்டியிருந்தது.

அப்பா ஏறிய ஏணியைப் பாருங்கள்: மாநிலச் சட்டமன்றம், கடற்படைத் துணைச் செயலாளர், நியூயார்க் ஆளுநர், துணை ஜனாதிபதி, ஜனாதிபதி. டெட் அதே ஏணியில், அதே படிகளில் கால் வைத்தார். முதல் இரண்டு படி சரியாக அமைந்தது. மூன்றாவது படியில் வழுக்கியது. இதில் கசப்பான விஷயம், அதே ஏணியை இன்னொரு ரூஸ்வெல்ட்டும் ஏறிக்கொண்டிருந்தார். தூரத்து உறவினரான பிராங்க்ளின். மாநில மேலவை, கடற்படைத் துணைச் செயலாளர், நியூயார்க் ஆளுநர், ஜனாதிபதி என்று, துணை ஜனாதிபதி படியைத் தவிர அவர் ஒரு படியைக் கூட விடவில்லை. (கடற்படைத் துணைச் செயலாளர் நாற்காலியில் இந்தக் குடும்பத்து ஆட்கள் மொத்தம் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பரம்பரைச் சொத்து போல.)

அரசியலுக்கு வரும் முன் என்ன செய்தார்?

ஹார்வர்டில் படிப்பை முடித்து ஒரு கம்பளத் தொழிற்சாலையில் அடிமட்ட வேலையில் சேர்ந்தார். பிறகு முதலீட்டு வங்கித் தொழிலுக்குப் போய் நல்ல காசு பார்த்தார். 1910இல் எலினார் பட்லர் அலெக்சாண்டருடன் திருமணம், நான்கு பிள்ளைகள்.

முதல் உலகப் போர் வந்ததும் சகோதரர்கள் நால்வரும் களத்துக்குப் போனார்கள். டெட் முதலாம் டிவிஷனின் 26ஆம் காலாட்படைப் பிரிவில் இருந்தார். விஷவாயுவில் மாட்டினார், 1918 ஜூலையில் சுவாசோன் சண்டையில் காலில் குண்டடி பட்டது. அதே மாதம் 14ஆம் தேதி கடைசித் தம்பி க்வென்டின் ஓட்டிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் இறந்தார். இந்தத் தம்பி கடைசியில் மறுபடி வருவார்.

போர் முடிந்ததும் 1919இல் 'அமெரிக்கன் லீஜியன்' என்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தை உருவாக்கியவர்களில் டெட் முக்கியமானவர். தொடக்கக் கூட்டத்தில் தலைமைப் பதவிக்கு இவர் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்தபோது மறுத்துவிட்டார். தன் அரசியலுக்குச் சங்கத்தைப் பயன்படுத்துகிறார் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்ற கவனம்.

சட்டமன்றத்தில் ஏதாவது சொல்லிக்கொள்ளும்படி செய்தாரா?

ஒன்று செய்தார், அது ஒன்றே போதும் என்பேன். அப்போது நியூயார்க் சட்டமன்றக் கீழவைக்கு ஆண்டுதோறும் தேர்தல். லாங் ஐலண்டின் நாசோ மாவட்டத்திலிருந்து குடியரசுக் கட்சி சார்பில் 1919 இறுதியில் ஜெயித்து, 1920 ஜனவரியில் அவைக்குள் நுழைந்தார். நுழைந்த உடனேயே ரகளை. சோஷலிஸ்ட் கட்சியின் ஐந்து உறுப்பினர்களை, 'இவர்கள் தேசத் துரோகக் கட்சிக்காரர்கள்' என்று அவைத் தலைவர் உட்காரவிடவில்லை. ரஷ்யப் புரட்சியைப் பார்த்து அமெரிக்கா நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஏப்ரல் மாதம் ஐவரையும் நீக்கிவிட்டார்கள்.

நீக்க வேண்டும் என்று நின்றது டெட்டின் சொந்தக் கட்சி. இவர் எழுந்து எதிர்த்துப் பேசினார். சோஷலிசத்தின் மேல் இவருக்குத் துளியும் பிரியம் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவனைச் சபை வெளியே தள்ளக் கூடாது என்பதுதான் வாதம். போரில் குண்டடி பட்ட, ஜனாதிபதி மகன் என்பதால் துரோகி என்று யாரும் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் புது எம்.எல்.ஏ. ஒருவர் கட்சியை எதிர்த்து நிற்பது லேசான காரியம் இல்லை. பின்னர் நடந்த இடைத்தேர்தலில் அந்த ஐவரும் மறுபடி ஜெயித்து வந்தார்கள் என்பது உபரித் தகவல்.

டீப்பாட் டோம் ஊழலில் இவர் பெயர் அடிபட்டதே?

அடிபட்டது. 1921இல் ஜனாதிபதி ஹார்டிங்கின் ஆட்சியில் கடற்படைத் துணைச் செயலாளர் ஆனார். கடற்படைக்கென்று ஒதுக்கியிருந்த எண்ணெய் வயல்கள் அந்த ஆண்டு உள்துறைக்கு மாற்றப்பட்டன. அந்த உத்தரவு நகர்ந்ததில் டெட்டின் கையும் இருந்தது. உள்துறைச் செயலாளர் ஆல்பர்ட் ஃபால், வயோமிங்கில் இருந்த டீப்பாட் டோம் வயலை டெண்டர் இல்லாமல் ஹாரி சின்க்ளேர் என்ற எண்ணெய் முதலாளிக்குக் குத்தகைக்கு விட்டார். கைமாறாகப் பணம் வாங்கினார், பிறகு சிறைக்கும் போனார்.

டெட் பணம் வாங்கவில்லை. விசாரணையில் அது தெளிவாகிவிட்டது. ஆனால் தற்செயல்கள் எல்லாம் இவருக்கு எதிராக வரிசை கட்டி நின்றன. தம்பி ஆர்ச்சி வேலை பார்த்தது சின்க்ளேர் கம்பெனியில். (விஷயம் வெடித்ததும் ஆர்ச்சி ராஜினாமா செய்துவிட்டு, தானே போய்ச் சாட்சி சொன்னார்.) வயலில் அத்துமீறித் துளையிட்டவர்களை வெளியேற்ற ஃபால் கேட்டுக்கொண்டபோது, கடற்படை வீரர்களை வயோமிங்குக்கு அனுப்பி வைத்தது டெட். கடலே இல்லாத மாநிலத்துக்குக் கடற்படை! ஊழலுக்கு உடந்தை இல்லை, ஆனால் மூக்குக்கு முன்னால் நடந்ததைக் கவனிக்கவில்லை. என் பார்வையில் குற்றச்சாட்டு அவ்வளவுதான். அரசியலில் அவ்வளவே அதிகம்.

1924 ஆளுநர் தேர்தலில் தோற்றது அதனால்தானா?

பாதி அதனால். எதிரில் நின்ற அல் ஸ்மித், ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்து, நியூயார்க் நகரத்துத் தெருக்களில் வளர்ந்த, ஏற்கெனவே பதவியில் இருந்த ஆளுநர். கைகுலுக்கும்போதே ஓட்டு வாங்கிவிடுவார் என்கிற ரகம். அவரை யார் நின்றாலும் வெல்வது கஷ்டம்.

மீதிப் பாதிக்கு ஒரு கார் காரணம். டெட்டின் சித்தப்பா மகள் எலினார், அதாவது பிராங்க்ளினின் மனைவி, எதிர்க்கட்சிக்காகப் பிரசாரம் செய்தார். காரின் கூரை மேல் காகிதக் கூழில் செய்த பிரம்மாண்டமான தேநீர்க் கெட்டில், அதாவது டீப்பாட். அதன் மூக்கிலிருந்து நிஜமாகவே ஆவி வரும். டெட் எந்த ஊரில் பேசப் போனாலும் பின்னாலேயே கெட்டில் கார் வந்து நிற்கும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, டீப்பாட் டோம் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். அது தரக்குறைவான வேலைதான் என்று எலினாரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். குடும்பத்துக்குள் உண்டான அந்தக் காயம் சுலபத்தில் ஆறவில்லை.

வித்தியாசம் ஒரு லட்சம் ஓட்டுக்குச் சற்று மேல். அதே நாளில் அதே மாநிலத்தில் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்ற குடியரசுக் கட்சியின் கூலிட்ஜ் அமோகமாக ஜெயித்தார். அதாவது கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் டெட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அப்புறம் வேட்டைக்குப் போய்விட்டாரா?

ஆமாம். 1925இல் தம்பி கெர்மிட்டுடன் காஷ்மீர், லடாக் வழியாக மத்திய ஆசியாவுக்குப் போனார். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்காக மார்க்கோ போலோ ஆடு தேடி. 1928 - 29இல் மறுபடி சகோதரர்கள் இருவரும் சீனாவுக்கு. 1929 ஏப்ரல் 13 அன்று சிச்சுவான் பகுதியில், யீ இன வேட்டைக்காரர்கள் வழிகாட்ட, பனியில் கால்தடம் பிடித்துப் போய் ஒரு ராட்சத பாண்டாவைச் சுட்டார்கள். பாண்டாவைச் சுட்ட முதல் மேற்கத்தியர் என்ற பெயர் ஒருவருக்கு மட்டும் போகக் கூடாது என்று இருவரும் ஒரே நேரத்தில் விசையை அழுத்தினார்களாம். இன்று படித்தால் வயிற்றைப் பிசைகிறது. அன்று அது வீரச் செய்தி.

அந்தப் பயணத்தின்போதுதான் வாஷிங்டனிலிருந்து சேதி வந்தது: புதிய ஜனாதிபதி ஹூவர் இவரைப் புவேர்ட்டோ ரிக்கோவின் ஆளுநராக நியமிக்கிறார்.

புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் காலனியா? அமெரிக்காவுக்குக் காலனி இருந்ததா?

இருந்தது. அந்தச் சொல்லைத்தான் அவர்கள் விரும்ப மாட்டார்கள். 1898இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் ஜெயித்து புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸுக்கு மட்டும் ஸ்பெயினிடம் 2 கோடி டாலர் கொடுத்தார்கள். அந்தப் போரை முன்னின்று ஊதிவிட்டவர்களில் ஒருவர் டெட்டின் அப்பா. கியூபாவில் சான் ஹுவான் குன்றில் ஏறிச் சண்டை போட்டுத்தான் அவர் நாயகன் ஆனார். (அந்தக் குன்று வேறு, புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகரம் சான் ஹுவான் வேறு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) அப்பா வாங்கிக் கொடுத்த வீட்டுக்கு மகன் கணக்குப்பிள்ளையாகப் போனார் என்று சொல்லலாம்.

1917இல் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. ஆனால் தீவில் இருந்துகொண்டு ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. இன்றுவரை அப்படித்தான். சட்டமன்றத்தைத் தீவு மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுநர், கல்வி ஆணையர் போன்ற பெரிய இடங்களை மட்டும் வாஷிங்டன் நிரப்பியது. ஆக, ஒரு லட்சம் ஓட்டில் தோற்ற மனிதர், 15 லட்சம் பேருக்கு ஆளுநராக வந்து இறங்கினார். அந்த 15 லட்சத்தில் ஒருவர் கூட அவருக்கு ஆதரவாகவோ எதிராகவோ ஓட்டுப் போட்டதில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது தீவு எப்படி இருந்தது?

மோசம். 1928 செப்டம்பர் 13 அன்று சான் பெலிப்பே புயல் தீவைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு போனது. அங்கே புயலுக்கு அந்த நாளுக்குரிய புனிதர் பெயரை வைப்பார்கள். 1876இல் இதே தேதியில் ஒரு புயல் வந்திருந்ததால் இது இரண்டாம் சான் பெலிப்பே. (அன்று டெட்டின் 41ஆம் பிறந்தநாள் என்பது தற்செயல்.) 300 பேருக்கு மேல் இறந்தார்கள், பல லட்சம் பேர் வீடிழந்தார்கள். மலைப்பகுதிக் காப்பித் தோட்டங்கள் நாசமாயின. காப்பிச் செடி புதிதாக நட்டுக் காய்க்க வருடக்கணக்கில் ஆகும் என்பதை நம் ஏற்காடு, குடகுக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

கடலோரச் சமவெளியில் நல்ல நிலம் முழுக்கக் கரும்பு. ஒரு கம்பெனி 500 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 1900லேயே அமெரிக்க நாடாளுமன்றம் விதி போட்டிருந்தது. விதி காகிதத்தில் இருந்தது, நிலம் கம்பெனிகளிடம் இருந்தது. டெட் 1929 அக்டோபர் 7 அன்று பதவியேற்றார். மூன்றே வாரத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது.

சரி, அவர் என்னதான் செய்தார்?

முதலில் குதிரையேறி மலைக்குப் போனார். ஒவ்வொரு குடிசையாக நின்று விசாரித்தார். மெலிந்த பெண்கள், சீக்காளி ஆண்கள், எங்கே நின்றாலும் ஒரே கதை: சாப்பாடு இல்லை, தேடிக்கொள்ள வழியும் இல்லை. பள்ளிக்கூடங்களுக்குள் போய் மதியச் சாப்பாடு கொண்டு வராத பிள்ளைகளைப் பார்த்தார். பார்த்ததை அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். எழுதியது நாகரிகமான அறிக்கை மொழியில் இல்லை. எலும்பும் தோலுமான குழந்தைகளைப் பற்றி நேரடியாக எழுதினார். அதற்கு முன்பு வந்த ஆளுநர்கள் 'எல்லாம் முன்னேறிக்கொண்டிருக்கிறது' என்று அறிக்கை அனுப்புவதே வழக்கம். அமெரிக்கக் கொடி பறக்கும் இடத்தில் குழந்தைகள் பட்டினி என்று அமெரிக்க ஆளுநரே சொன்னது வாஷிங்டனைச் சங்கடப்படுத்தியது. சங்கடத்தால்தான் கொஞ்சமாவது பணம் வந்தது.

பள்ளிச் சிறுவர்களுக்கு உணவு, நிலமற்றவர்களுக்குச் சிறு மனைகள், பாடத்தோடு தொழிலும் சொல்லித்தரும் கிராமப்புறப் பள்ளிகள், சுகாதார நிலையங்கள் என்று வேலை நடந்தது. மனைவி எலினார் (கெட்டில் எலினார் இல்லை, இவர் வேறு) தீவுப் பெண்களின் எம்பிராய்டரி வேலைக்கு அமெரிக்காவில் சந்தை தேடினார். 1931 மார்ச்சில் ஹூவரே போர்க்கப்பலில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1931இல் புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு முதன்முறையாக ஒரு உள்ளூர்க்காரர் வந்தார். கார்லோஸ் சார்டோன். பூஞ்சை ஆராய்ச்சியாளர், கரும்பின் மொசைக் நோயை ஆராய்ந்தவர். டெட் ஆட்சியில் நடந்த நல்ல நியமனம்.

ஸ்பானிஷ் பேசினாரா?

பேச முயன்றார். அதுவே அங்கே பெரிய செய்தி. அவருக்கு முன் வந்த அமெரிக்க ஆளுநர்கள் யாரும் மக்களின் மொழியைப் படிக்க மெனக்கெடவில்லை. டெட் ஒரு நாளைக்கு 20 சொல் என்று கணக்கு வைத்துக்கொண்டு படித்தார். தப்புத்தப்பாகப் பேசினார், கூச்சப்படாமல் பேசினார். ஜனங்கள் 'எல் ஹிபாரோ டெ லா ஃபோர்த்தலேசா' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். லா ஃபோர்த்தலேசா என்பது சான் ஹுவானில் ஆளுநர் குடியிருக்கும் பழைய கோட்டை. ஹிபாரோ என்றால் மலைநாட்டுக் குடியானவன், பட்டிக்காட்டான். 'கோட்டைக்குள் ஒரு பட்டிக்காட்டான்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலியும் பாசமும் சமமாகக் கலந்த பெயர்.

மொழி அங்கே சாதாரண விஷயம் இல்லை. 1898 முதலே பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிக்கவைத்து அமெரிக்கர்களாக மாற்றிவிடலாம் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம், கடைசியில் இரண்டும் அரைகுறை. ஊர்ப் பெயரைக் கூட 'போர்ட்டோ ரிக்கோ' என்று தங்கள் வாய்க்கு வந்தபடி அரசுத் தாளில் எழுதினார்கள். அது 'புவேர்ட்டோ ரிக்கோ' என்று சட்டப்படி திருந்தியது 1932 மே மாதம்தான். டெட் காலத்தில் கல்வி ஆணையராக வந்த ஹோசே பாதீன் என்ற உள்ளூர்க் கல்வியாளர், சில ஆண்டுகளில் தொடக்கப் பள்ளிகளில் ஸ்பானிஷையே பயிற்று மொழியாக்கினார்.

அங்கே எல்லோருக்கும் அவரைப் பிடித்ததா?

இல்லை, எப்படிப் பிடிக்கும்? எவ்வளவு நல்லவர் வந்தாலும் அனுப்பி வைக்கப்பட்டவர்தானே. 1930 மே மாதம் பெத்ரோ அல்பீசு காம்போஸ் தேசியவாதக் கட்சியின் தலைவரானார். முழுச் சுதந்திரம் தவிர வேறு பேச்சே இல்லை என்று சொன்னவர். அவருக்கு ஆளுநர் ஸ்பானிஷ் பேசுகிறாரா என்பது ஒரு பொருட்டே இல்லை. கரும்புக் கம்பெனிகளின் நிலத்தின் மேலும் டெட் கை வைக்கவில்லை. அந்த 500 ஏக்கர் விதி உயிர்பெற இன்னும் பத்து ஆண்டு ஆயிற்று.

பிலிப்பைன்ஸுக்கு ஏன் மாற்றினார்கள்?

பதவி உயர்வுதான். சான் ஹுவானில் வேலை பார்த்த விதம் ஹூவருக்குப் பிடித்துப்போய், 1932 தொடக்கத்தில் மணிலாவுக்கு அனுப்பினார். அமெரிக்கா கொடுக்கக்கூடிய காலனிப் பதவிகளில் அதுதான் உச்சம். கோடிக்கு மேல் மக்கள், ஆயிரக்கணக்கான தீவுகள், குடியிருக்க மலாக்கன்யாங் மாளிகை.

ஆனால் அங்கே தங்கியது ஏறக்குறைய ஒரு வருடம். விலைவாசி சரிவு, செலவுக் குறைப்பு, பட்ஜெட் வெட்டு என்றே நாள் போனது. 1933 பிப்ரவரியில் நெல் குத்தகைச் சட்டம் ஒன்று வந்தது. நிலக்காரருக்கும் குத்தகை விவசாயிக்கும் விளைச்சலில் சரிபாதி என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நகராட்சி மன்றங்களில் பெரும்பான்மை கேட்டுக்கொண்டால்தான் அந்த மாகாணத்தில் சட்டம் அமலாகும் என்று ஒரு வரி. அந்த மன்றங்களில் உட்கார்ந்திருந்தது நிலக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும். தஞ்சாவூர்க் குத்தகைதாரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அரசியலில் அப்போது பெரிய விஷயம் சுதந்திரம். பத்து ஆண்டு இடைக்காலத்துக்குப் பின் விடுதலை என்ற மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்ற, ஹூவர் 1933 ஜனவரியில் வீட்டோ செய்தார். நாடாளுமன்றம் அதையும் மீறிச் சட்டமாக்கியது. பெருந்தன்மை மட்டும் காரணம் இல்லை. பிலிப்பைன்ஸ் சர்க்கரை வரியில்லாமல் உள்ளே வருவதும், பிலிப்பினோ தொழிலாளர்கள் கலிபோர்னியாவுக்கு வருவதும் அமெரிக்க விவசாயிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் பிடிக்கவில்லை. 'சுதந்திரம் கொடுத்து அனுப்பிவிடுவோம்' என்ற மனநிலை. மானுவல் கேசோன் தலைமையில் மணிலா அந்தச் சட்டத்தை நிராகரித்து, அடுத்த ஆண்டு வேறொன்றை வாங்கியது. விடுதலை கிடைத்தது 1946 ஜூலை 4 அன்று.

பதவி எப்படிப் போனது? அந்த 'உறவு' நகைச்சுவை என்ன?

1932 நவம்பரில் பிராங்க்ளின் ஜனாதிபதியாகத் தேர்வானார். மணிலாவில் நிருபர்கள் டெட்டிடம், 'புதிய ஜனாதிபதி உங்களுக்கு என்ன உறவு?' என்று கேட்டார்கள். 'ஐந்தாம் முறை ஒன்றுவிட்ட சகோதரன், சீக்கிரமே விலக்கப்படப் போகிறவன்' என்கிற மாதிரி பதில் சொன்னார். ஆங்கிலத்தில் உறவு ஒரு தலைமுறை தள்ளியிருந்தால் 'ஒரு படி விலகிய' என்று சேர்த்துச் சொல்வார்கள். அதே சொல்லுக்குப் பதவியிலிருந்து தூக்குவது என்றும் பொருள். தமிழில் அந்தச் சிலேடை வராது.

நம் கணக்கில் இவ்வளவு சுற்றி வளைக்கவும் வேண்டாம். சித்தப்பா மகள், அதுவும் வயதில் மூத்தவர், அவருடைய கணவர் என்றால் அத்தான். அத்தான் ஜனாதிபதியானதும் மச்சினனுக்கு வேலை போயிற்று. 1933 மார்ச்சில் ஆட்சி மாறியதும் ராஜினாமா செய்து மணிலாவை விட்டுக் கிளம்பினார். நியமனப் பதவிகளில் அது வழக்கம்தான். இருந்தாலும், தான் ஏற முடியாத ஏணியின் உச்சியில் நின்றவரிடமிருந்து அந்த முடிவு வந்தது என்பது டெட்டுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கத்தான் முடிகிறது.

காலனி ஆட்சியைப் பற்றி அவரே என்ன நினைத்தார்?

1937இல் அமெரிக்காவின் காலனிக் கொள்கைகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். புவேர்ட்டோ ரிக்கோ மக்களை மொழியிலும் பழக்கத்திலும் சிந்தனையிலும் அமெரிக்கர்களைப் போல வார்த்தெடுக்க முயன்றது நடக்காத காரியம் என்று அதில் வெளிப்படையாக எழுதினார். ஆட்சி செய்தவரே எழுதியது என்பதால் வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். ஆண்ட விதம் தவறு என்றுதான் சொன்னார். ஆளவே வந்திருக்கக் கூடாது என்ற இடம்வரை போகவில்லை.

மொத்தத்தில் நல்ல நிர்வாகியா?

சான் ஹுவானில், ஆம். மணிலாவில், தீர்ப்புச் சொல்ல நேரமே இல்லை. ஓட்டு வாங்க வேண்டிய இடத்தில் இவர் அப்பாவின் நகலாகத்தான் தெரிந்தார். அதே பல் தெரியும் சிரிப்பு, அதே கை வீச்சு. ஓட்டுக் கவலை இல்லாத இடத்தில் தானாக இருந்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார், எழுதக் கூடாததை எழுதினார். தீவு மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் இதையே அவர்களுக்கு நன்றியோடு செய்திருப்பாரா, அல்லது அடுத்த தேர்தலை நினைத்து வாயை மூடியிருப்பாரா? எனக்குப் பிடிபடாத கேள்வி இது.

இரண்டாம் உலகப் போரில் என்ன ஆனார்?

இடையில் சில ஆண்டு பதிப்பகத் தொழில். 1941இல் பழைய 26ஆம் காலாட்படைப் பிரிவுக்கே திரும்பி, பிறகு பிரிகேடியர் ஜெனரல் ஆனார். வட ஆப்பிரிக்கா, சிசிலி. வீரர்களோடு மிகவும் நெருங்கிப் பழகுகிறார், ஒழுங்கு கெடுகிறது என்று 1943இல் மேலதிகாரிகள் முதலாம் டிவிஷனிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

1944 ஜூன் 6, ஜெர்மனியின் பிடியில் இருந்த நார்மண்டி கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நாள். நான்காம் டிவிஷனின் துணைத் தளபதியாக முதல் அலையிலேயே இறங்க அனுமதி கேட்டார், மறுத்தார்கள். கடைசியில் எழுத்து மூலம் விண்ணப்பித்து வாங்கினார். வயது 56, மூட்டு வாதம், இதய நோய், கையில் ஊன்றுகோல். முதல் அலையில் கடல் வழியாக இறங்கிய ஒரே ஜெனரல் அவர். நீரோட்டம் படகுகளைத் தள்ளி, குறித்த இடத்திலிருந்து ஒரு மைல் தெற்கே கொண்டுபோய் விட்டது. கைத்தடியோடு மணலில் நடந்து இடத்தைப் பார்த்துவிட்டு, இங்கிருந்தே போரைத் தொடங்குவோம் என்று முடிவெடுத்தார். அந்தத் தவறிய இடத்தில் எதிரியின் காவல் குறைவாக இருந்தது. அதே நாளில் இன்னொரு கரையான ஓமாஹாவில் அவருடைய மகன் இறங்கிக்கொண்டிருந்தார்.

ஜூலை 12 இரவு மாரடைப்பில் இறந்தார். ஒரு முழு டிவிஷனின் தலைமையை அவருக்குக் கொடுக்க உத்தரவு தயாராகியிருந்தது, அவருக்குத் தெரியாமலே போயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் வழங்கப்பட்டது.

அவர் நினைவாக இன்று எதையாவது நேரில் பார்க்க முடியுமா?

சான் ஹுவானில் லா ஃபோர்த்தலேசா அப்படியே இருக்கிறது. ஆளுநர் இப்போதும் அங்கேதான் வசிக்கிறார். 1948 முதல் தீவு மக்கள் அவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பாண்டா சிகாகோவில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் டெட் வேட்டையாடி 'ஒரே குண்டு டெடி' என்று பெயர் வாங்கிய தமரோ என்ற சின்னக் காட்டெருமை மட்டும், மிந்தோரோ தீவில் சில நூறுதான் மிச்சம்.

கல்லறை நார்மண்டியில், கொலவில் சூர் மேர் என்ற கடலோர ஊரில். அங்குள்ள 9,300க்கும் மேற்பட்ட சின்னங்கள் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கானவை. ஒன்றே ஒன்று விதிவிலக்கு, டெட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. 1955இல் வேறு ஊரிலிருந்து தோண்டி எடுத்து வந்து புதைத்தார்கள். அந்தச் சிலுவையில் க்வென்டின் ரூஸ்வெல்ட் என்ற பெயரும் 1918 என்ற ஆண்டும் பொறித்திருக்கிறது.